அத்தான் தொட்டியில் ஆட்சிமாற்றங்கள்: கடற்பாசி பற்றிய ஒரு கள ஆய்வு

இவ்வாய்வின் களம் சிங்கப்பூரில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது தளம். கூடத்தில் தொலைக்காட்சிக்கு இடப்புறம். ஆய்வு எல்லை அத்தானின் பவளத்தொட்டி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே இருக்கும் வடிகட்டிப் பெட்டியையும் சேர்த்தால் உப்புநீர் சுமார் 200 லிட்டர். ஆய்வுக் காலம் இரண்டு களப்பயணங்கள்: பொங்கலை ஒட்டி முப்பது நாள், ஆடியில் பதினெட்டு நாள். இடைப்பட்ட மாதங்களுக்கான தரவுகள், அக்கா வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களும் அவற்றின் கீழே அவள் எழுதிய வசவுகளும்.

களத்தைச் சென்னையில் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்கக்கூடும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை கட்டும் பவளங்கள் இருப்பது முதல் அட்டவணை. புலி இருப்பதும் அதே அட்டவணைதான். மன்னார் வளைகுடாவிலிருந்து கையளவு பவளம் எடுத்துவந்து கூடத்தில் வைப்பதும் கட்டிலுக்கடியில் புலிக்குட்டி வளர்ப்பதும் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய ஒன்று. அத்தான் சிங்கப்பூர்க்காரர். கடையில் முறைப்படி வாங்கி, ரசீதைக் கோப்பில் வைத்திருக்கிறார்.

ஆய்வுச் சிக்கல், பாசி. இது பற்றி இரண்டு கொள்கைகள் அவ்வீட்டில் நிலவுகின்றன. "இது ஒண்ணு மட்டும் போயிடுச்சுன்னா அப்புறம் தொட்டி கண்ணாடியா இருக்கும் மாப்ளே" என்பது அத்தான் கொள்கை. "தொட்டியே போயிடுச்சுன்னா கூடம் கண்ணாடியா இருக்கும்" என்பது அக்கா கொள்கை. இரண்டையும் மறுத்து இவ்வாய்வாளர் நிறுவ முயல்வது: பாசி போவதே இல்லை, ஆட்சிதான் மாறுகிறது, புதிய ஆட்சியைக் கொண்டுவருபவர் எப்போதும் பழைய ஆட்சியைக் கவிழ்த்தவரே.

முன்னோடி ஆய்வுகளில் காலத்தால் மூத்தது குறுந்தொகை. அதன் 399ஆம் பாட்டில் பரணர், ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி கைபட்டால் விலகுவதையும் கையெடுத்தால் திரும்ப மூடிக்கொள்வதையும் தலைவியின் பசலைக்கு உவமையாக்கியிருக்கிறார். படிப்பவர்கள் எல்லோரும் பசலையைப் பிடித்துக்கொண்டு பாசியை விட்டுவிடுகிறார்கள். கையால் துடைத்தெடுக்கும் முறை பலிக்காது என்று தமிழில் பதிவு செய்தவர் பரணர் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. உட்புறக் கண்ணாடி சுரண்டும் காந்தத்துக்கு அத்தான் கொடுத்த அறுபது வெள்ளியைச் சங்க இலக்கியப் பயிற்சி மிச்சப்படுத்தியிருக்கும்.

அடுத்த மைல்கல் 1846. டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் உயிரோடு வைத்திருந்தார் அன்னா தைன் என்னும் சீமாட்டி. நீரில் காற்றுச் சேர வேண்டுமே. அதற்காகப் பணிப்பெண் ஒருத்தி திறந்த ஜன்னலோரம் நின்று தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம் கடல்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள், நம்மூர்க் கடையில் டீ ஆற்றுவதுபோல. பவளம் வளர்த்தவர் என்ற பெருமை சீமாட்டிக்கு. பணிப்பெண் வெறும் பணிப்பெண். வாரம் இருமுறை இருபது லிட்டர் வாளியைக் குளியலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கியவர் என்ற முறையில் இவ்வாய்வாளர் பணிப்பெண் கட்சி. பிறகு 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்கள் குடியிருக்கும் பாறையும் கொஞ்சம் காற்றுக்குமிழும் இருந்தால் இயற்கை மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார். அத்தானிடம் பாறை இருக்கிறது, குமிழ் இருக்கிறது, இவற்றோடு பதினொரு மின்சாதனங்களும் இருக்கின்றன.

'பாசி' என்ற சொல்லையும் வரையறுத்தாக வேண்டும். வழுக்குவதெல்லாம் நமக்குப் பாசி. அறிவியலோ இதில் கறாரானது. சென்னையில் பாசியியலுக்கு வழிவந்த மரபே உண்டு: எம். ஓ. பி. ஐயங்கார் அதன் தந்தை. நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் டி. வி. தேசிகாச்சாரி எழுதிய 'சயனோஃபைட்டா' உலகெங்கும் ஆய்வகங்களில் புரட்டப்பட்ட பெருநூல். பாசி என்று அவர்கள் பெயரிட்டுப் பட்டியலிட்ட அந்தக் குலம் முழுவதையும் பின்னாளில் பாக்டீரியாவில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அத்தான் தொட்டியில் பாசி என்று அழைக்கப்பட்ட நால்வரில் அசல் பாசி யார் என்பதே வழக்கு. ஐந்தாவதாக ஒருவர் கிடைத்திருந்தால் ஐந்திணையோடு பொருத்தியிருக்கலாம். நெறியாளர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

முதல் ஆட்சி, டயாட்டம். புதுத் தொட்டியின் மணல்மேல் காப்பிப்பொடி தூவியதுபோல் படியும் பழுப்பு. சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் தானே ஓயும். செத்த டயாட்டங்களின் ஓடுகள் யுகக்கணக்கில் படிந்த மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கே அப்படியொன்றும் வெடிக்கவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டது. தன் புதிய வடிகட்டியால்தான் போனது என்று அத்தான் இன்றும் நம்புகிறார். அவரது பின்னாளைய துணிச்சல்களுக்கெல்லாம் வித்து அந்த நம்பிக்கையே.

இரண்டாம் ஆட்சி சயனோ, அதாவது மேற்படி பாக்டீரியா. நீலப்பச்சை என்று பெயர், நிறமோ கருஞ்சிவப்பு: வெல்வெட் துணியை மணல்மேல் விரித்ததுபோல, நடுநடுவே ஆக்சிஜன் குமிழ்கள். குழாய் வைத்து உறிஞ்சினால் ஆடையாக உரிந்துவரும். மறுநாள் மாலைக்குள் புது ஆடை. இதன்மேல் எளிதில் கோபப்பட முடியாது. இருநூற்று நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் நிறையத் தொடங்கியது இதன் முன்னோர் உபயத்தால். அதைச் சுவாசித்துக்கொண்டுதான் அக்கா திட்டுகிறாள். நெல்வயலுக்குத் தழைச்சத்து சேர்ப்பது நீலப்பச்சைப் பாசி என்று 1939-இல் பி. கே. டே காட்டினார், அதற்குப் பிறகு விவசாயிகளுக்கு அதை வளர்க்கவே பயிற்சி கொடுத்தார்கள். அதே குலத்துச் சுருள்பாசியை, ஸ்பைருலினா என்ற பெயரில், அத்தான் தினமும் காலையில் இரண்டு மாத்திரையாக விழுங்குகிறார். விழுங்கிவிட்டு வந்து தொட்டியிலிருப்பதை உறிஞ்சி எறிகிறார்.

மூன்றாம் ஆட்சி, முடிப்பாசி. இது அசல் பாசி, பச்சை, இரண்டங்குலத் தலைமுடி. காரணம் தேடி இவ்வாய்வாளர் முதல் பயணத்தின் இரண்டாம் நாள் காலை முதல் இரவு வரை தொட்டிக்கெதிரே சோஃபாவில் அமர்ந்து உற்றுநோக்கல் முறையைக் கையாண்டார். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் மீன். காலை ஆறரைக்கு அக்காவின் மாமியார், இவ்வாய்வாளருக்கு அத்தை, சுவாமி கும்பிட்டு வந்த கையோடு ஒரு சிட்டிகை தீனி போட்டார். பகல் இரண்டுக்குப் பள்ளியிலிருந்து வந்த மருமகள் பையை இறக்குமுன் ஒரு சிட்டிகை. இரவு எட்டுக்கு அத்தான், உறைந்த இறால் கட்டி ஒன்று முழுதாக. பதினொரு மணிக்கு அத்தை மறுபடி வந்து, "வாயைத் தொறந்து தொறந்து பாக்குது, பாவம், இன்னிக்கு யாரும் போடல போல" என்றார். மீன் வாயைத் திறப்பது மூச்சுவிட. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. அவ்வளவும் கடைசியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக, விவசாயத் தமிழில் தழைச்சத்தும் மணிச்சத்துமாக, நீரில் நின்றது. உரம் போட்டார்கள், பயிர் வந்தது.

மேய்வதற்கு ட்ரோகஸ் நத்தைகள் பன்னிரண்டு வந்தன. கொள்கையளவில் இது சரியே. 1983-இல் கரீபியக் கடலில் ஏதோ நோய் புகுந்து கருமுள் கடல்முள்ளெலிகளைக் கூண்டோடு சாய்த்தது. மேய ஆளில்லாமல் போனதில், ஏற்கெனவே அளவுமீறி மீன் பிடித்தும் புயலடித்தும் நலிந்திருந்த ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990களில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. நத்தைகள் நன்றாகவே மேய்ந்தன. அத்தானுக்குத்தான் பொறுமையில்லை. பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடுத் துகளை அளவுக்கு இருமடங்கு போட்டார். நைட்ரேட்டுக்கு வோட்கா.

இங்கே நலன்முரண் அறிவிப்பு ஒன்று தேவைப்படுகிறது: அந்த வோட்காவைச் சாங்கி விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கி வந்தவர் இவ்வாய்வாளர். ஒரு லிட்டர் பாட்டில். "ஆராய்ச்சிக்குடா" என்று அத்தான் சொல்லியிருந்தார்.

முறை உண்மையானது, உலகெங்கும் பவளத்தொட்டிக்காரர்கள் செய்வது. நீரில் தழையும் மணியும் இருக்கிறது, பாக்டீரியா பெருகக் கரிமம்தான் போதவில்லை. சாராயம் கரிமம். அதைத் தின்று பெருகும் பாக்டீரியா தழையையும் மணியையும் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ள, நுரைபிரிக்கும் கருவி பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளிவிடும். அளவுதான் முக்கியம்: 200 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.2 மில்லியில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

மூன்றாம் வாரம், தொட்டியின் கீழ்ப்பெட்டியில் மீன்தீனி தேடிய அத்தை பாட்டிலைக் கண்டெடுத்தார்.

"என்னடா இது?"

"மீனுக்கும்மா."

"மீனு குடிக்குமா?"

"மீனு இல்லம்மா, பாக்டீரியா குடிக்கும்."

அத்தை பாட்டிலை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சரிபாதி. ஆரம்ப அளவில் ஒரு லிட்டர் 5,000 நாள் வர வேண்டும். பதின்மூன்று ஆண்டு எட்டு மாதம். வாராந்தர ஏற்றத்தைக் கணக்கில் கொண்டாலும் அதுவரை ஐந்து மில்லிக்கு மேல் செலவாகியிருக்க வழியில்லை. இக்கணக்கை இவ்வாய்வாளர் அந்நேரத்தில் வெளியிடவில்லை. விருந்தினர் அறம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை சாட்சியம் தொட்டியே தந்தது. நீர் முழுவதும் பால்போல் வெளுத்திருந்தது, மீன்கள் மேலே வந்து காற்றுக்குத் திணறின. பாக்டீரியா பெருக்கம். "பாத்தியாம்மா? எல்லாத்தையும் தொட்டிக்குத்தான் ஊத்தினேன்!" என்றார் அத்தான், வென்றவர் குரலில்.

தடயவியல் நோக்கில் இது நிற்காது. அரை லிட்டர் வோட்கா 200 லிட்டரில் இறங்கியிருந்தால் பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சி, திணறுவதற்குக்கூட ஒரு மீன் மிஞ்சியிருக்காது. சிரிஞ்சைச் சோதித்ததில் அத்தான் கடைசி மூன்று நாளும் 0.2-க்குப் பதில் 2 மில்லி போட்டிருந்தது தெரிந்தது. புள்ளி தவறிவிட்டது. புள்ளி தவறும் நிலையில் மருந்து போட்டவர் இருந்தார் என்பதே மீதி 490 மில்லி எங்கே போயிற்று என்பதற்குப் போதுமான சான்று. காற்றுக்குழாயைக் கூடுதலாக விட்டு, நீரை மாற்றி (வாளி: இவ்வாய்வாளர்), இரண்டு நாளில் தெளிந்தது. பாட்டில் அத்தையின் அலமாரிக்குப் போனது, பென்சிலால் கோடு போட்டு.

நான்காம் ஆட்சி ஆடியில். முடிப்பாசி மாயமாகியிருந்தது, நைட்ரேட் சுழியம், பாஸ்பேட் சுழியம். அத்தையிடம் கெஞ்சித் தினம் ஒரு சிரிஞ்ச் வாங்கியும், தீனியைக் கால்பங்காகக் குறைத்தும் அத்தான் சாதித்திருந்தார். கண்ணாடி பளிங்கு. ஆனால் பாறையெங்கும் பழுப்பில் சளி, நூல் நூலாக, நுனியில் குமிழோடு. பகலில் தடித்தது, இரவில் காணவில்லை, காலையில் திரும்பியது. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. பன்னிரண்டில் ஒன்பது. மருமகளின் பள்ளி நுண்ணோக்கியில் ஒரு துளி வைத்துப் பார்த்தால், கண்ணீர்த்துளி வடிவில் செல்கள், கூர்முனையை நூலில் கட்டியதுபோல் ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ். டைனோஃபிளாஜெல்லேட். நஞ்சு சுரப்பது. சயாம் வளைகுடா நீரிலிருந்து அதை 1901-இல் முதன்முதலாக விவரித்தார் டென்மார்க்கின் யொஹான்னஸ் ஷ்மிட்.

பவளத்தின் சதைக்குள் குடியிருந்து ஒளியில் சமைத்து அதற்குச் சோறு போடும் நுண்ணுயிரும் ஒரு டைனோஃபிளாஜெல்லேட்தான், பங்காளிகள். ஒருவர் வீட்டுக்குள் சமையல், மற்றவர் வாசலில் நஞ்சு. போட்டிக்கு இருக்கும் பாசிகளையும் பாக்டீரியாவையும் பட்டினி போட்டு விரட்டிவிட்டால், வெற்றிடத்தில் இவர் வந்து உட்காருவார். தெளிந்த தொட்டியே இவருக்கு அழைப்பிதழ்.

அக்காவின் பழைய நூல்புடவையால் மூன்று நாள் தொட்டியை மூடி இருட்டாக்கினோம். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில், "யாருக்கு என்னாச்சு?" என்றார். இரவில் நீரில் மிதக்கும் செல்களுக்குப் புறஊதா விளக்கொன்று பொருத்தப்பட்டது (பன்னிரண்டாவது மின்சாதனம்). முக்கியமாக, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீண்டும் தேவைப்பட்டன. இரண்டையும் புட்டியில் விற்கிறார்கள். அகற்றுவதற்குக் கொடுத்ததைவிடச் சேர்ப்பதற்கு அதிகம் கொடுத்து அத்தான் வாங்கிவந்து, கடல் மிதவையுயிர்களில் தழைக்கும் மணிக்கும் 16-க்கு 1 என்று ரெட்ஃபீல்ட் 1934-இல் தொடங்கிக் கண்ட விகிதத்தை, ஜாதகக் கட்டம்போல் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தீனித் தடை நீங்கியது. அத்தை காலை ஆறரைக்கும் இரவு பதினொன்றுக்கும் மறுபடி வரத் தொடங்கினார்.

வோட்காவுக்கு இனி வேலையில்லை. மீதியைத் திருப்பித் தரும்படி அத்தான் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

இவ்வாய்வாளர் ஊர் திரும்பும் நாள் காலை அத்தை அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்துவந்தார். பழைய பனியன் துணியில் கொஞ்சம் நனைத்து, தொட்டியின் வெளிக்கண்ணாடியில் உப்பு பூத்திருந்த இடத்தையெல்லாம் துடைத்தார். பளிச்சென்றாகிவிட்டது. இடது கீழ்மூலையில் மட்டும் ஒரு பொட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உட்புறம் இருந்தது, பச்சையாக. சுரண்டும் காந்தத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"அம்மா, தொடாதே!" என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தார் அத்தான்.