ஒரு வசவு இனிப்பான கதை

எங்கள் காலத்தில் ஆங்கில வசவுகளுக்குத் தமிழ் சினிமாதான் பள்ளிக்கூடம். கோட்டும் பைப்புமாக மாடிப்படியில் இறங்கிவரும் பணக்கார அப்பா, ஏழைக் காதலனைப் பார்த்து, ‘யூ ப்ளடி ஃபூல், கெட் அவுட்!’ என்று உறுமுவார். அர்த்தம் தெரியாவிட்டாலும் கம்பீரம் பிடித்திருந்தது. பென்சிலை அமுக்கிய பக்கத்து பெஞ்சுக்காரனிடம் அதையே உறுமினேன். ஆங்கில வாத்தியார் காதில் விழுந்துவிட்டது. பிரம்படி. ‘அதுக்கு என்ன சார் அர்த்தம்?’ என்றேன். இன்னும் ஓர் அடி.

அதே வாத்தியாருக்கு பெர்னார்ட் ஷா என்றால் உயிர். ‘பிக்மேலியன்’ கதையை ரசித்து ரசித்துச் சொல்வார். ஓர் இடத்தில் மட்டும் இருமிவிட்டுத் தாண்டிப் போவார். அங்கே என்ன இருந்தது என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். சீமாட்டி போலப் பேசப் பழக்கப்பட்ட பூக்காரி எலிசா, ‘நடந்தா போகிறாய்?’ என்று கேட்டவனிடம், நடையாவது ஒன்றாவது என்பதை இந்த ‘ப்ளடி’யைச் சேர்த்துச் சொல்கிறாள். 1914 ஏப்ரலில் லண்டன் மேடையில் அது ஒலித்ததும் அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பத்திரிகைகளோ அச்சிடக் கூசின. சிலர் அந்தச் சொல்லுக்குப் பதிலாக ‘பிக்மேலியன்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் முன்பு, 1887-இல், ‘ரடிகோர்’ இசை நாடகத்தின் தலைப்பில் இதன் வாடை அடிக்கிறது என்ற முணுமுணுப்பால் ஓர் எழுத்தையே மாற்றினார்கள்.

அப்படி என்ன பாவம் செய்தது இந்தச் சொல்? நேர்ப்பொருள் ‘ரத்தம் தோய்ந்த’ என்பதுதான். மேரி மாதா மீது இடும் ஆணை தேய்ந்து இப்படி ஆனது என்று ஒரு கதை உண்டு. மொழியறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்த பெரிய வீட்டுப் பிள்ளைகளை ‘பிளட்’ என்பார்கள், அவர்களைப் போலக் குடிப்பதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. எப்படியோ, ஆரம்பத்தில் அது வெறும் ‘ரொம்ப’தான். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஸ்விஃப்ட், பாதிரியாராக இருந்தும், 1710-களில் எழுதிய கடிதத்தில் வெயில் கொளுத்துவதைச் சொல்ல இதைத்தான் போட்டார். அவரை யாரும் பெஞ்சின் மேல் ஏற்றவில்லை. தெருவில் போகிறவர்களும் தாராளமாகப் புழங்கத் தொடங்கிய பிறகே கனவான்களுக்கு அது காதைக் குடைந்தது.

2006-இல் ஆஸ்திரேலியாவின் சுற்றுலா விளம்பரத்தில் இந்தச் சொல் வந்ததும், பிரிட்டன் தொலைக்காட்சியில் தடை போட்டார்கள். கொஞ்ச நாளில் அதையும் விலக்கிக்கொண்டார்கள். 2023-இல் விஜய்யின் ‘லியோ’ பட அறிவிப்பில் ‘ப்ளடி ஸ்வீட்’ வந்தது. 2024 தீபாவளிக்கு ‘ப்ளடி பெக்கர்’ என்ற தலைப்பிலேயே படம் வந்துவிட்டது.

யு.கே.ஜி. படிக்கும் என் பேரன் ‘ப்ளடி ஸ்வீட்’ பனியனோடு வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தான். ‘புள்ள ஸ்வீட்டு கேக்குது பாருங்க’ என்று என் மனைவி மைசூர்பாகு கொடுத்தாள். எனக்குப் பிரம்படி வாங்கித்தந்த சொல், அவனுக்கு இனிப்பு வாங்கித்தந்தது.

சொல்லில் விஷம் இல்லை, பிரம்பில்தான் இருந்தது. இனி யாரையாவது திட்ட வேண்டுமென்றால், அன்பர்களே, வேறு சொல் பாருங்கள்.