நம்பர் பிளேட்டில் ஒரு கோரிக்கை

அமெரிக்காவில் அதிக ஓட்டு வாங்கியவர்தானே அதிபர்?

அப்படியென்றால் 2017 ஜனவரியில் பதவியேற்றிருக்க வேண்டியவர் ஹிலாரி கிளின்டன் அல்லவா? ட்ரம்பைவிடச் சுமார் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். மொத்த ஓட்டை விட்டுவிட்டு மாநில வாரியாகத் தேர்வாளர்களை எண்ணும் இந்த முறை போயே ஆக வேண்டும்.

அங்கேயும் விலைவாசி ஏறிவிட்டதாமே?

ஏறாததும் ஒன்று உண்டு. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி: 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர்!

செனட்டில் விடிய விடியப் பேசி என்ன பிரயோஜனம்?

யார், எதற்காகப் பேசுகிறார் என்று பாருங்கள். 1957-ல் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார், கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்கான மசோதாவைத் தடுக்க. மசோதா நிறைவேறியது, சாதனை மட்டும் அவர் பெயரில் நின்றது. 2025-ல் ட்ரம்ப் அரசை எதிர்த்து 25 மணி 5 நிமிடம் பேசி அதை முறியடித்த கோரி புக்கர் ஒரு கறுப்பினத்தவர். உட்காரத் தோன்றிவிடக் கூடாதென்று தன் நாற்காலியையே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். நாற்காலிக்காகப் பேசுகிறவர்கள்தான் எங்கும் அதிகம்; இவர் அதைத் துறந்து பேசினார்.

தலைநகர்வாசிகளுக்குச் செல்வாக்கு அதிகமோ?

வாஷிங்டனின் ஜனத்தொகை சுமார் 7 லட்சம். வரி கட்டுகிறார்கள், செனட்டர் ஒருவர்கூட இல்லை. அதைவிட ஜனத்தொகை குறைந்த வயோமிங்குக்கு இரண்டு பேர். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்ற முழக்கம் அந்த ஊர்க் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது. மாநில அந்தஸ்து தரும் மசோதா 2021-ல் கீழ்சபையில் நிறைவேறியது. செனட் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை.