தட்டில் போட்டால் கணக்கு தீர்ந்ததா?

கே: நல்ல சமாரியன் கதையில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

ப: சத்திரக்காரர். சமாரியனுக்குத்தான் ஏற்கெனவே எத்தனையோ ஆஸ்பத்திரிகள் பெயர் வைத்துவிட்டன! குற்றுயிராகக் கிடந்த ஒருவனைக் கொண்டுவந்து இறக்கி, இரண்டு தெனாரியத்தைக் கையில் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் ஒரு வழிப்போக்கன். அதுவும் யூதர்கள் அண்டவிடாத இனத்தான். இரண்டு தெனாரியம் என்றால் ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம்தான். சத்திரக்காரர் கூடுதல் முன்பணமோ அடையாளச் சீட்டோ கேட்டதாக லூக்கா எழுதவில்லை. சமாரியன் எண்ணெய் ஊற்றிக் கட்டுப் போட்டது முதல் நாள் வேலை. ‘திரும்பி வருவேன்’ என்றானே, அது இரண்டாம் நாள் வேலை. நம்மில் பலருடைய உதவி முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிடுகிறது.

கே: பிச்சை கேட்பவருக்குக் காசு கொடுத்தால் குடித்துவிடுகிறார். கொடுக்கலாமா?
– வங்கி ஊழியர், தூத்துக்குடி

ப: காசுக்குப் பதிலாக நாலு இட்லி வாங்கிக் கொடுங்கள். காசும் இல்லை, இட்லியும் இல்லை, வாழ்த்து மட்டும் உண்டு என்றால், யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உங்களுக்கென்றே ஒரு குட்டு வைத்திருக்கிறார்.

கே: உழைக்காதவன் சாப்பிடக் கூடாது என்று பவுலே சொல்லியிருக்கும்போது, இந்த இலவசமெல்லாம் எதற்கு?
– சிறுதொழில் நடத்துபவர், கோவை

ப: தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்த வரி முதலாளிகள் எல்லோருக்கும் மனப்பாடம்! அதே பவுல் எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் வசூல் நடத்தினார். வாரத்தின் முதல் நாளில் ஆளுக்கு முடிந்ததை எடுத்து வையுங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினார். சேர்ந்ததைத் தாமே எருசலேமுக்குக் கொண்டும் போனார். இதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அவர் திட்டியது வேலைக்குப் போகாமல் ஊர்வம்பு பேசித் திரிந்தவர்களை. உங்கள் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நிற்பவரை அல்ல.

கே: சர்ச்சில் ஃபேன், பெஞ்சு, டியூப்லைட் எல்லாவற்றிலும் உபயதாரர் பெயர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது அல்லவா?
– மூன்றாம் பெஞ்சுக்காரர், நாசரேத்

ப: ஃபேன் சுற்றும்வரை பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். அந்த நேரத்தில் உபயதாரரை யார் வாழ்த்தப் போகிறார்கள்?

கே: மனதில் அன்பு இருந்தால் போதாதா?
– கல்லூரி மாணவி, வேலூர்

ப: வேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! ஐடா ஸ்கடர் உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்தவர். இங்கேயே தங்கும் எண்ணம் துளியும் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர் பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக வந்து கதவைத் தட்டினார்கள். டாக்டரான அப்பா வரத் தயார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று ஐடாவிடம் அன்புக்குப் பஞ்சமில்லை, படிப்புதான் இல்லை. திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

அதே சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். குணமாகிப் போனவர்கள் திரும்பி வந்து குறை சொன்னார்கள்: இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் தருவதில்லை. பிராண்ட் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தொழில் கற்றுத்தர ஒரு குடியிருப்பையே அமைத்தார். மேலே சொன்னேனே இரண்டாம் நாள் வேலை, அது இதுதான்.

கே: கிறிஸ்தவர்கள் உதவுவதே மதம் மாற்றத்தானே?
– சந்தேகி, சென்னை

ப: அரிசி மூட்டையைக் காட்டி ஞானஸ்நானம் கேட்பவர் வியாபாரி. அவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால், உங்கள் சந்தேகத்துக்கு வயது அதிகம். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை ஒழித்துப் பழைய தெய்வங்களை மீட்கப் பார்த்தவர். இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே, நமக்கு வெட்கமாக இல்லையா என்று தம் பூசாரி ஒருவருக்கே எழுதினார். எழுதியதோடு நிற்காமல், ஊருக்கு ஊர் சத்திரம் கட்டச் சொல்லித் தானியமும் ஒதுக்கினார். உங்களுக்கும் அதே யோசனைதான். போட்டிக்கு வாருங்கள். ஏழைக்கு இரண்டு பந்தி கிடைக்கும்.

கே: எங்கள் சபை அசனத்தில் கறிச்சோறு பிரமாதம். ஆனால், பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுகிறார்கள். கேட்டால் கலகக்காரன் என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

ப: எருசலேமின் முதல் சபையிலேயே இந்தப் புகார் எழுந்தது. தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்றார்கள். அப்போஸ்தலர்கள் யாரையும் கலகக்காரன் என்று ஒதுக்கவில்லை. பந்தியைப் பார்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்! கரண்டி ஏறக்குறைய புகார் சொன்ன தரப்பின் கைக்கே போய்விட்டது. அப்போஸ்தலர் நடபடிகள், ஆறாம் அதிகாரம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். கரண்டி உங்கள் கைக்கு வராவிட்டாலும், வைத்திருப்பவர் கை கொஞ்சம் நடுங்கும்.

கே: தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். பென்ஷன் மருந்துக்கே சரியாகிறது. நான் என்ன உதவி செய்ய முடியும்?
– மூத்த வாசகர், மதுரை

ப: பணக்காரர்களால் முடியாதது உங்களால் முடியும். எந்த மேசையில் ஃபைல் தூங்கும், எதைச் சொன்னால் எழுந்திருக்கும் என்பது உங்களுக்கு அத்துப்படி. முதியோர் உதவித்தொகைக்கும், விதவைச் சான்றிதழுக்கும், காப்பீட்டு அட்டைக்கும் மனு எழுதத் தெரியாமல் அலைகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பேனாவோடு சர்ச் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்த மதத்தவர் வந்தாலும் எழுதிக் கொடுங்கள். மனு நகரவில்லை என்றால், திங்கட்கிழமை அவரோடு ஆபீசுக்கும் போய்விட்டு வாருங்கள்.