வாழ்க, பெயரைச் சொல்லாமல் செத்தவர்கள்!

துப்பறியும் கதைகளில் கொலையுண்டு சாகிறவர்களைப் போல் தயாள குணம் யாருக்கு வரும்? மிச்சமிருப்பதோ இரண்டு மூச்சு. அதில் கொலைகாரன் பெயரைச் சொல்லித் தொலைத்தால் துப்பறிகிறவர் பிழைப்பு என்னாவது? வாசகன் கொடுத்த காசுதான் என்னாவது? பாவம், அத்தனையும் யோசித்து விடுகதை போட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார்கள்.

கானன் டாயில் 1891இல் எழுதிய பாஸ்கோம் பள்ளத்தாக்குக் கதையில் வரும் மெக்கார்த்தி இவர்களில் தலைமகன். அவர் மண்டையைப் பிளந்தவர், அவருக்குப் பண்ணை கொடுத்து வைத்திருந்த டர்னர். பல வருஷப் பழக்கம். தலைமாட்டில் மகன். ‘டர்னர்’ என்றால் தீர்ந்தது. பெரிய மனுஷர் அப்படிச் செய்வாரா? டர்னர் ஆஸ்திரேலியாவில் கொள்ளையடித்த காலத்துப் பட்டப்பெயரை ஊரோடு சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். மகன் காதில் விழுந்தது வால் மட்டும்: ‘ராட்’. ஏதோ எலி என்று நினைத்தான். போலீஸ் மகனையே பிடித்தது. ஹோம்ஸ் பிரிஸ்டலுக்குத் தந்தியடித்து விக்டோரியா வரைபடம் வரவழைத்து, ஊர்ப்பெயரில் பாதியைக் கையால் மூடிக் காட்டினார். கையை எடுத்தால் ‘பல்லாராட்’! மகன் கழுத்துக்குக் கயிறு வந்தாலும் ஹோம்ஸுக்கு வேலை வர வேண்டும் என்று நினைத்த தகப்பன், தெய்வம்.

மறு வருஷம் வந்த இன்னொரு ஹோம்ஸ் கதையின் ஜூலியா இன்னும் நாசூக்கு. பாம்பு கடித்துச் சாகும்போது, உடன்பிறந்தவளிடம் ‘புள்ளி போட்ட பட்டை’ என்றாள். பக்கத்தில் கூடாரமடித்திருந்த ஜிப்சிகள் தலையில் புள்ளித்துணி கட்டியிருந்தார்கள். சந்தேகம் அவர்கள் பக்கம் திரும்பியது. ‘பாம்பு’ என்பது வாயில் வராத கெட்ட வார்த்தை போலும்.

எல்லரி குயீனின் 1932ஆம் வருஷத்து நாவலில், ரயிலில் சுடப்பட்டவர் வாயையே திறக்கவில்லை. இரண்டு விரலை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். டிக்கெட்டில் எக்ஸ் வடிவத்தில் ஓட்டை போடும் ஆள்தான் கொலைகாரன் என்று அதற்கு அர்த்தம். (தொண்ணூறு வருஷமாகிவிட்டது, சொன்னால் பாவமில்லை.)

நம்மூர் ஆஸ்பத்திரிகளில் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எடுக்க வருவார், டாக்டர் ‘சுயநினைவுடன் இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுப்பார், கட்டிலில் கிடப்பவரும் இன்னார்தான் என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். ரசனை கெட்ட ஜனங்கள்.

லூவ்ர் காப்பாளர் சோனியேரிடம் அவர்கள் பாடம் கேட்க வேண்டும். 2003இல் வந்த ‘டாவின்சி கோட்’ நாவலில் சாகிறவர். வயிற்றில் குண்டு, கால் மணி நேர ஆயுள். காக்க வேண்டிய ரகசியம் இருந்ததாம், சரி. அதற்காக உடுப்பைக் களைந்து, கண்ணுக்குத் தெரியாத மையால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டு, வயிற்றில் ரத்தத்தால் நட்சத்திரம் வரைந்து, கணக்கு வரிசையைக் கலைத்துப்போட்டு, எழுத்தை மாற்றினால் டாவின்சியும் மோனாலிசாவும் வருகிற வாசகங்களையும் எழுதிவிட்டு, டாவின்சியின் ஓவியம் போலக் கைகால் விரித்துப் படுத்தார். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வரியைப் புரியும்படி எழுதிவிட்டார்: ராபர்ட் லாங்டனைக் கண்டுபிடி என்று. போலீஸ் அதைப் படித்தது. லாங்டன்தான் கொலைகாரர் என்று விரட்டத் தொடங்கியது.