குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு டிரம்மர்

டிரம்ஸ் செட்டை எங்கள் வீட்டு அறைக்குள் வைத்தால் கட்டிலைத் திண்ணைக்குத் தூக்க வேண்டும். அதோடு விடாது. கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, டாம்களுக்குத் தனித்தனியாக, தலைக்கு மேலே ஜோடியாக இரண்டு என்று எட்டு மைக் கேட்கும். என்னிடம் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் மைக் சொருக இரண்டே ஓட்டை. அதையும் சமாளித்து ரெக்கார்டை அழுத்தினால், பழைய இரும்பு எடுக்கிற வண்டிக்காரர் சரியாக இரண்டாவது சரணத்தில் தெருவுக்குள் நுழைவார்.

ஆகவே புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கம் வீட்டில் பாட்டுப் போடுகிற நாங்கள் டிரம்ஸுக்கு மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறோம். லூர்து மாதா திருவிழாப் பாட்டு, திருக்காமீஸ்வரர் தேர்ப் பாட்டு, வார்டு வேட்பாளர் பாட்டு, காதணி விழாவுக்குத் தாய்மாமன் பெருமை என எல்லாவற்றுக்கும் அடிப்பவர் ஒரே ஆள். லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஆளை உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு.

இயந்திர மேளம் நமக்கொன்றும் புதிதில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றி, முரசையும் மணியையும் தானே அடித்துத் தள்ளுகிற பெட்டி எத்தனையோ கோயில்களில் இருக்கிறது. அது களைத்து நான் பார்த்ததில்லை. கரண்ட் போனால்தான் நிறுத்தும். நிஜ டிரம்ஸின் சத்தத்தையே உள்ளே வைத்துக்கொண்டு வாசித்த எல்எம்-1 என்ற பெட்டியை அமெரிக்காவின் ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்தார். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது இளையராஜாவின் கம்ப்யூட்டர் இசை என்றே ஊர் பேசியது. அன்றைக்கு இயந்திரம் இயந்திரம் மாதிரி ஒலிப்பதுதான் பெருமை. இன்றைக்கு அது மனுஷன் மாதிரி ஒலிக்க வேண்டுமாம். அதற்குத்தான் விலை.

அந்த மென்பொருள் வரிசையில் பெரிய பண்ணையார் சுப்பீரியர் டிரம்மர் 3. ஸ்வீடன் கம்பெனியான டூன்ட்ராக் 2017-ல் வெளியிட்டது. பெல்ஜியத்தில் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் என்ற மகா ஒலிப்பொறியாளர் பதிவு செய்த ஒலிகள் மட்டும் 230 ஜிபி. எங்கள் தெரு நெட்டில் அதை இறக்க ஆரம்பித்தால், முடிவதற்குள் காது குத்திய குழந்தைக்குக் கல்யாணப் பாட்டே போடலாம். அதே கம்பெனியின் ஈஸிடிரம்மர் 3 கொஞ்சம் இளைத்த உடம்பு. பெர்லின் ஹான்சா ஸ்டூடியோவில் எடுத்தது. லாஜிக் ப்ரோ என்ற இசை மென்பொருளில் 2013-ல் கைல் என்றொரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பார், ஆனால் மேக்கோ ஐபேடோ இருக்கிற வீட்டுக்குத்தான் வருவார்.

இவர்களோடு வருகிற தாளக் கட்டுகளில் ராக் உண்டு, ஜாஸ் உண்டு, காதைக் கிழிக்கும் மெட்டல் உண்டு. டப்பாங்குத்து என்று நான் பார்த்த எதிலும் இல்லை. அதன் ஆறு-எட்டு தாளத்தைத் தேடினால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அடிக்கிற சோக ப்ளூஸ் வருகிறது. அதற்கு ஆடச் சொன்னால் எங்கள் பையன்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது? கவர்னரே வந்து வடம் பிடிக்கிற வில்லியனூர்த் தேரில், விளக்குக் கம்பத்தில் மைக் செட்டுக்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அந்தக் குழாய்க்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே தொண்டையே கிடையாது. அறுபது ஹெர்ட்ஸில் நெஞ்சைக் குத்த வேண்டிய பெல்ஜியத்துக் கிக், ‘டொக்’ என்று சப்பாத்திப் பலகை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ஸ்டூடியோ அறையின் ரீங்காரம் பூக்கடை வாசலோடு சரி. தப்பிப் பிழைப்பது ஸ்னேரும் ஹை-ஹாட்டும், அவற்றை அடித்த கையின் ஏற்ற இறக்கமும்தான்.

கை விஷயத்தில் எனக்கு வாத்தியார், பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கிற சித்தப்பா. நான் மவுஸால் கட்டிய தாளத்தை ஒருநாள் கேட்டுவிட்டு, “இன்னாடா, ஹை-ஹாட்டும் தட்றான், ஸ்னேரும் தட்றான், அதே நேரத்துல சிம்பலும் தட்றான். மூணாவது கை ஏதுடா அவனுக்கு?” என்றார். முருகனுக்குப் பன்னிரண்டு கை உண்டு, ஆனால் அவர் டிரம்ஸ் வாசித்ததாகப் புராணமில்லை.

மிடி கீபோர்டில் இரண்டு கட்டையைக் காட்டி, “நீங்களே தட்டுங்க சித்தப்பா” என்றேன். ஒன்றில் ஸ்னேர், ஒன்றில் ஹை-ஹாட். ஆள்காட்டி விரல்களால் தட்டினார். அடியின் பலத்தை மென்பொருள் 1 முதல் 127 வரை எண்ணாக எழுதிவைக்கும். நான் கட்டினால் 100, 100, 100, 100. ஸ்னேர் உருட்டலில் அது அப்படியே மெஷின் கன். சித்தப்பா தட்டியதில் 104, 38, 61, 97 என்று மேடும் பள்ளமும். ஸ்னேர் ஒவ்வொன்றும் திரையின் தாளக் கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. குவான்டைஸ் பட்டனை அழுத்தினால் எல்லாம் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே சித்தப்பாவும் காணாமல் போவார். அந்தப் பட்டனைத் தொடவில்லை.

இந்தக் கைக்கு எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் டிரம்மர் வந்துவிடுகிறார். எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். திறக்கும்போது நன்கொடை கேட்டு ஒரு பலகை காட்டும். ‘ஸ்கிப்’ அழுத்தினால் வழிவிடும்.

சித்தப்பாவிடம் ஸ்கிப் பட்டன் இல்லை. பாட்டுக்கு இவ்வளவு பேட்டா, நடுவில் டீ, மெதுவடை. ஆடி, மார்கழியில் எப்போது கூப்பிட்டாலும் வருவார். தை பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் தேதி கிடைப்பது கஷ்டம். போன வாரம் அழைத்தபோது, “ஸ்னேரை மட்டும் தட்டிட்டுப் போறேன், ஹை-ஹாட்டுக்கு அந்த வெளிநாட்டுப் பையன் யாரையாவது வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு மடுகரைக்குக் கல்யாண வேன் ஏறிவிட்டார்.