குச்சிக் கணக்கு

“நாளையிலிருந்து எல்லாம் புது சாஃப்ட்வேர்லதான்” என்று மேனேஜர் அறிவித்த மறுநாள் ஆபீஸில் என்ன நடக்கும்? சீனியர் ஒருவர் புது சாஃப்ட்வேரிலும் ஏற்றுவார், பழைய நீள நோட்டிலும் எழுதுவார். கேட்டால் “ஒரு சேஃப்டிக்கு சார்” என்பார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிக்கொண்ட பிரிட்டனின் கஜானா அந்த ‘சேஃப்டி’யைச் சுமார் 700 வருஷம் கட்டிக்கொண்டு அழுதது. அதுவும் நோட்டில் இல்லை, குச்சியில்!

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வாருங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஷெரீஃப். ஊர் ஊராக வரி வசூலித்து ராஜாவிடம் கட்டுவது அவர் வேலை. ஷெரீஃபுக்குக் குதிரை ஏறத் தெரியும், வாள் வீசத் தெரியும், குடியானவனை மிரட்டப் பிரமாதமாகத் தெரியும். படிக்க மட்டும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே, வாங்கிய பணத்துக்குக் கஜானா அவர் கையில் கொடுத்த ரசீது ஒரு மரக்குச்சி. பெயர் டேலி. உடனே ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்துவிடாதீர்கள், இது ஹேசல் மரத்தில் வெட்டியது.

ஆயிரம் பவுண்ட் என்றால் குச்சியில் உள்ளங்கை கனத்துக்கு ஒரு வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் கனம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரே ஒரு பவுண்டா? நன்றாக விளைந்த ஒரு பார்லி மணி அளவு. பென்னிக்கு வெறும் கீறல், அந்தக் காசுக்கு மரத்தைச் செதுக்கி எடுப்பதுகூட வேஸ்ட். வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பணம் கட்டியவருக்கு, மறுபாதி கஜானாவுக்கு. அடுத்த கணக்குத் தீர்ப்பின்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஷெரீஃப் வீட்டில் உட்கார்ந்து ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வெட்டைக் கூட்டினால், கஜானாவிலிருக்கும் பாதி காட்டிக்கொடுத்துவிடும். மரத்தின் ரேகை ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டுமே, அதைப் போலி செய்ய எந்தக் கொம்பனாலும் முடியாது. பாஸ்வேர்ட் இல்லை, ஓடிபி இல்லை, “சர்வர் டவுன், மத்தியானம் வாங்க” இல்லை. ஒரே தொல்லை, மரத்தைத் துளைக்கும் புழு. அந்தக் காலத்து வைரஸ்!

இதற்கு யூஸர் மேனுவல்கூட உண்டு. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களின் கடைசியில் எழுத ஆரம்பித்தது. குரு-சிஷ்யன் உரையாடல் பாணி. சிஷ்யன் சந்தேகம் கேட்பான், குரு சளைக்காமல் விளக்குவார். மேலே சொன்ன சுண்டுவிரல், பார்லி மணி எல்லாம் அதில் வருவதுதான். இவ்வளவு திறமைசாலிக்கு வேலை எப்படிக் கிடைத்தது? பிஷப்பாக இருந்த அப்பா, 400 பவுண்ட் கொடுத்து ராஜாவிடம் பதவியை வாங்கித் தந்தார். பணம் கைமாறிய வேலையிலும் சில சமயம் நல்ல ஆள் வந்து மாட்டிக்கொள்வதுண்டு.

இதுவரைக்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. படிக்காதவர்கள் நிறைந்த நாட்டில், படிக்காதவனும் தடவிப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கணக்கு. என்னைக் கேட்டால், உலகம் கண்ட மிக நல்ல டிசைன்களில் ஒன்று. வில்லங்கமே காகிதம் வந்த பிறகுதான். அச்சு வந்தது, பாமரனும் படிக்க ஆரம்பித்தான், இத்தாலிய வியாபாரிகள் இரட்டைப் பதிவு முறையில் பேரேடு எழுதிப் பணக்காரர்களானார்கள். லண்டன் கஜானாவில் மட்டும் ‘டக் டக்’கென்று குச்சி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

1665 மே மாதம். டைரி எழுதியே அழியாப் புகழ் பெற்ற சாமுவேல் பெபிஸ், அரசாங்க வேலையாகக் கஜானாவுக்குப் போனார். ஒரு காலத்தில் அங்கேயே குமாஸ்தாவாக இருந்தவர், எல்லாரும் பழகிய முகங்கள். ஆனாலும் ‘கவனிக்காமல்’ வர முடியுமா? பழைய சகாக்களை மதுக்கடைக்கு அழைத்துப்போய் 14 ஷில்லிங் செலவழித்தார். கையில் கிடைத்தவை 17,500 பவுண்டுக்கான குச்சிகள். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அவற்றைக் கோச்சு வண்டியில் வைத்துக்கொண்டு, எங்கே ஒன்று விழுந்து தொலையுமோ, எவன் பிடுங்கிக்கொண்டு ஓடுவானோ என்று வழியெல்லாம் நடுங்கியபடி வீடு வந்து சேர்ந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தையே சீர்திருத்திய மனிதர், ஐயா! விறகுத் துண்டுகள் அவரை அந்தப் பாடு படுத்தியிருக்கின்றன.

சரி, 1694-இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வந்தது. நவீன வங்கி, காகித நோட்டு, கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள். இனி குச்சிக்கு மூடுவிழா என்றுதானே நினைப்பீர்கள்? மூன்றே வருஷத்தில் வங்கி தன் மூலதனத்தைப் பெருக்கியபோது, பங்கு வாங்க வந்தவர்களிடம் பணத்துக்குப் பதிலாக அந்தக் குச்சிகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டது.

இந்தக் குச்சியிடம் அப்படி என்ன மாயம்? ஒரு மாயமும் இல்லை. குச்சியை வெட்ட ஒருவர், பிளக்க ஒருவர், அதன் பக்கவாட்டில் லத்தீனில் எழுத ஒருவர், பிளந்ததைப் பொருத்திப் பார்க்க ஒருவர். ஒவ்வொருவருக்கும் கட்டணம். இவர்களுக்கெல்லாம் மேலே, சேம்பர்லின் என்ற பட்டத்தோடு இரண்டு கனவான்கள். வேலையை உதவியாளர்கள் பார்ப்பார்கள், வருமானத்தைக் கனவான்கள் பார்ப்பார்கள். அந்தக் கால இங்கிலாந்தில் இம்மாதிரிப் பதவி ஒரு சொத்து, பரம்பரை நஞ்சை நிலம்போல. பிடுங்கினால் அக்கிரமம், ஆள் இருக்கும்வரை அனுபவிப்பதே தர்மம்.

எனவே, 1780-களின் தொடக்கத்தில் அமெரிக்காவைப் பறிகொடுத்து, கடன் கழுத்தை நெரித்து, ‘செலவைக் குறை’ என்று நாடே கத்தியபோது, பாராளுமன்றம் ஒரு வீரமான சட்டம் போட்டது: குச்சி ஒழிக! கூடவே ஒரு சின்ன ஷரத்து. இப்போதிருக்கும் இரண்டு சேம்பர்லின்களும் செத்தாலோ தாங்களாகப் பதவியை விட்டாலோதான் அது ஒழியும்.

இப்படியொரு கோ-லைவ் தேதியை எந்த ப்ராஜெக்ட் மேனேஜரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பெரியவர்களுக்கோ ஆயுசு கெட்டி. பிரெஞ்சுப் புரட்சி வந்து போனது. நெப்போலியன் வந்தார், தோற்றார், தீவில் செத்தும் போனார். நீராவி ரயில் ஓட ஆரம்பித்தது. இங்கே சென்னை மாகாணத்தில் கவர்னர் தாமஸ் மன்றோ, வயல் வயலாக அளந்து ரயத்துவாரி வரி போட்டு, கிராமத்துக் கணக்குப்பிள்ளைகளைச் சுளுக்கெடுத்துக்கொண்டிருந்தார். நம்மவர் கணக்கில் ஒரு காசு உதைத்தால் கலெக்டர் கச்சேரியில் கைகட்டி நிற்க வேண்டும். அதே நாளில் அந்தத் துரைகளின் தலைநகரத்தில், அரசாங்க ரசீதை ஒரு ஆள் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக 1826-இல் குச்சி ஓய்வுபெற்றது. புது முறை வந்தாயிற்று, சுபம் என்று திரை போட முடியவில்லை. பழைய டேட்டாவை யாராவது ஏதாவது செய்ய வேண்டுமே! வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றக் கட்டடத்தில் ஒரு அறை முழுக்கச் செல்லாக் குச்சிகள் குவிந்து கிடந்தன. எட்டு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1834-இல்தான் அந்த இடம் தேவைப்பட்டது. எதற்கு? திவால் கோர்ட்டுக்கு! கட்டடப் பொறுப்பாளர் ரிச்சர்ட் வெப்லியிடம் அழித்துவிடச் சொன்னார்கள். ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருக்கலாமே என்று 21 வருஷம் கழித்து ஒரு மேடையில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் கிண்டலடித்தார். அரசாங்க ரகசியம் அடுத்தவன் அடுப்புக்குப் போகலாமா? வெளியே முற்றத்தில் கொளுத்தலாமா என்று யோசித்த வெப்லி, அக்கம்பக்கத்தாருக்குப் புகை தொல்லையாகுமே என்று கைவிட்டார். என்ன நல்ல மனசு! பிரபுக்கள் சபைக்கு அடியிலேயே இரண்டு உலைகள் இருக்க, கவலை என்ன?

அக்டோபர் 16. இரண்டு வண்டி குச்சிகள். காலையிலிருந்து இரண்டு வேலையாட்கள் அள்ளி அள்ளிப் போட்டார்கள். நூற்றாண்டுகளாகக் காய்ந்த மரம், கேட்கவா வேண்டும்! மேலே சபையைப் பராமரித்த ரைட் என்ற அம்மாளுக்குப் புகை நாற்றம் அடித்தது. ஆள் விட்டுச் சொன்னார், அதோடு விஷயம் முடிந்தது. நாலு மணிவாக்கில் இரண்டு பேர் சபையைச் சுற்றிப்பார்க்க வந்தார்கள். புகையில் சுவர்த் திரைச்சீலைகள் சரியாகத் தெரியவில்லை, பூட்ஸைத் தாண்டித் தரை சுட்டது. ரைட் அம்மாள் என்ன செய்தார்? ஐந்து மணி ஆனதும் வழக்கம்போலக் கதவைப் பூட்டினார். வேலையாட்களும் வேலை முடிந்த திருப்தியில் தாகசாந்திக்குப் போனார்கள். ஆறு மணிக்குக் கட்டடம் பற்றி எரிந்தது.

பிரபுக்கள் சபை போச்சு, காமன்ஸ் சபை போச்சு. ஓவியர் டர்னர் ஓடிவந்து பார்த்து, பிறகு அருமையான இரண்டு ஓவியங்கள் வரைந்தார். காமன்ஸ் சபையின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பல். தள்ளியிருந்த ஒரு கல் கோபுரத்தில் வைத்திருந்ததால் பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் தப்பின. பேக்கப்பை ஏன் வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்று இனி யாரும் கேட்கக் கூடாது. உச்சக்கட்டமாக, கஜமும் பவுண்டும் இவ்வளவுதான் என்று நாட்டுக்கே நிர்ணயிக்கும் மூல அளவுகோலும் எடைக்கல்லும் அதே தீயில் நாசமாயின. கொஞ்ச காலத்துக்கு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு ஒரு கஜம் எவ்வளவு என்று சொல்ல மூல ஆதாரமே இல்லை!

விசாரணை நடந்தது. சதி இல்லை, வெறும் அலட்சியம் என்று முடிவானது. புதுக் கட்டடத்தை ஆறு வருஷத்தில் முடிக்கலாம் என்று எஸ்டிமேட் போட்டார்கள். சுமார் 30 வருஷமும் 20 லட்சம் பவுண்டுக்கு மேலும் விழுங்கி எழுந்து நின்றது. சேம்பர்லின்களின் வருமானம் கெடக்கூடாது என்று காத்திருந்த நாடு கட்டிய பில் இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், எரியாமல் தப்பிய நூற்றுக்கணக்கான இடைக்காலக் குச்சிகள் கிடைத்தன. இரண்டு வண்டியைக் கொளுத்தித் தள்ளிய அதே நாட்டில் அறிஞர்கள் அவற்றைப் பொன்போல வாரி எடுத்து, வெட்டு வெட்டாக அளந்தார்கள். எந்த வெட்டு எவ்வளவு பவுண்ட் என்று பார்க்க அவர்கள் புரட்டிய புத்தகம், 400 பவுண்டுக்கு வேலை வாங்கியவர் எழுதிய அந்த மேனுவல்தான். அளவுகள் கச்சிதமாக ஒத்துப்போயின.