குழந்தை அழுகையா, கிழவர் அழுகையா?

வெளிநாட்டுக்காரரிடம் இங்கிலீஷ் பேச எனக்குப் பயமே கிடையாது. தமிழர்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். மாமல்லபுரத்தில் சங்குமாலை விற்கும் பையனைப் பாருங்கள். ஒரு வினைச்சொல்கூடச் செலவழிக்காமல் ஜெர்மன்காரியிடம் அரைமணி நேரம் பேரம் பேசி, கடைசியில் இரண்டு மாலையாகத் தலையில் கட்டிவிடுவான். பயமெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு தமிழரைப் பார்த்துத்தான்.

எங்கள் தாத்தா காலத்தில் அந்த இன்னொரு தமிழர், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ‘வெள்ளிநாக்குப் பேச்சாளர்’ என்று பெயரெடுத்தவர். கும்பகோணம் பக்கத்தில் யாராவது இங்கிலீஷில் வாயைத் திறந்தால் போதும், திண்ணையிலிருந்து “வலங்கைமான்காரர் பேசிக் கேக்கணும்டா” என்று ஒரு பெருமூச்சு வருமாம். திறந்த வாய் அதோடு மூடிக்கொள்ளும்.

எங்கள் காலத்துக்கு ரென் அண்ட் மார்ட்டின். இந்த ரென், பிரெஞ்சுப் பாலைவனப் படையை வைத்து 1924இல் ஒரு சாகச நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவராம். அந்தச் சாகசத்தில் ஒரு சொட்டுகூட இலக்கணப் புத்தகத்துக்குள் கசியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் ரேபிடெக்ஸ் புத்தகம். 1983இல் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கிய கபில்தேவே சிபாரிசு செய்தாரே என்று வாங்கி மனப்பாடம் செய்தேன். சொல்லிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு வானம் மேகமூட்டமாக இருக்கிறது என்று இங்கிலீஷில் யாரிடம் போய்ச் சொல்ல, பால்காரரிடமா?

எனக்கு நாக்கு அவிழ்ந்தது ஸ்ரீபெரும்புதூரில். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ காரை இறக்கியபோது, உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. பிற்பாடு அப்படி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷனில் எனக்கு வேலை. மேலாளர் கொரியர். காலைக் கூட்டம் முடிந்ததும் முஷ்டியை மடக்கி “பைட்டிங்!” என்று ஒரு கத்துக் கத்துவார். அது அவர்கள் ஊரில் உற்சாகப்படுத்துகிற முழக்கம் என்று தெரியும்வரை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கதவோரமாகவே நின்றார்கள்.

ஒருநாள் கூப்பிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “கார் கிரை” என்றார்.

நான் யோசித்தேன். “சார், பேபி கிரை ஆர் ஓல்டு மேன் கிரை?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஓல்டு மேன்! மார்னிங். வாக்கிங் ஸ்டார்ட், கிரை. டென் மினிட், நோ கிரை.” சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலடி நொண்டியும் காட்டினார். அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது. ஸ்டெபிலைசர் பாரில் மாட்டுகிற எங்கள் ரப்பர் புஷ். காலையில் விறைத்துக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரில் முனகுகிறது, சூடேறியதும் அடங்கிவிடுகிறது. சாயங்காலத்துக்குள் வேறு ரப்பர் கலவையில் சாம்பிள் போட ஏற்பாடாகிவிட்டது. ரென்னும் மார்ட்டினும் அந்த அறையில் இருந்திருந்தால் இருவருக்கும் கிரை வந்திருக்கும்.

இதே முனகலை விளக்கச் சொல்லி மறுவாரம் சென்னை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நம்மூர்க்காரர்தான், அம்பாசமுத்திரம். நுனிநாக்கில், “குட் யூ ப்ளீஸ் எலாபரேட்?” என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. ‘இஸ்’ஸா ‘வாஸ்’ஸா, ‘தி’ உண்டா இல்லையா என்று மனசுக்குள் ஒரு கமிட்டியே கூடி விவாதித்தது. கமிட்டி கலைவதற்குள் அவர் டீ குடித்து முடித்திருந்தார். இருவருக்கும் தமிழ் தெரியும் என்பது ஏனோ அந்த அறையில் யாருக்கும் நினைவு வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தம்பி மகள் நாலாம் வகுப்பு. போனில் நான், “ஐ டிட் நாட் கேம்...” என்று தொடங்கினால் போதும், “பெரியப்பா, டிட் நாட் கம்!” என்று ஹாலிலிருந்து குரல் வரும். எதிர்முனையில் பேசுகிற கொரியருக்கு நான் வரவில்லை என்பது எப்போதோ புரிந்திருக்கும். பெரியப்பா தப்பாக வராமல் இருந்ததுதான் இவளுக்குப் பொறுக்காது.

ஆனாலும் எங்கள் இருதரப்பு இங்கிலீஷையும் சீர்திருத்தியே தீருவது என்று கம்பெனியில் யாருக்கோ தோன்றி, சனிக்கிழமைதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஏற்பாடானது. கொரியர்கள் ஒருபக்கம், நாங்கள் ஒருபக்கம். ஆசிரியர் நல்ல மனிதர். மூன்றாவது வகுப்பில் மேலாளரை எழுப்பி முழு வாக்கியமாகப் பேசச் சொன்னார். ஆலையையே அதிர வைக்கிற மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்கப்புறம் ஷாப் ஃப்ளோரில்கூடப் பேச்சு குறைந்துவிட்டது. “கார்...” என்று ஆரம்பிப்பார், பிறகு ‘இஸ்’ போடுவதா ‘ஹேஸ்’ போடுவதா என்று யோசித்துவிட்டு, பேசாமல் ஆளை வண்டிக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வராந்தாவில் எதிர்ப்பட்டார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, “டுடே கிளாஸ், ஐ கோ டாய்லெட். லாங் டைம்” என்றார்.

“மீ ஆல்சோ சார்” என்றேன். “கேன்டீன் டாய்லெட். டீ அவைலபிள்.”